இரத்தக் கொலஸ்ட்ராலும் இரைப்பைப் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்று சில பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 140 என்று குறைவாகப் பார்த்ததும் தூக்கத்தைத் தொலைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாதவை. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம். இதில் வரும் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், நம் ஊர் ரிப்போர்ட்டில் இருப்பது போலவே தரப்பட்டுள்ளன.

கொலஸ்ட்ரால் குறைந்தால் இரைப்பைப் புற்றுநோய் வரும் என்பது உண்மையா?

இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது உண்மை. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை.

இந்தக் கேள்விக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஜப்பானின் ஹிசயாமா ஆய்வு. ஃபுகுவோகா நகரை ஒட்டிய அந்தச் சிற்றூரின் மக்களை கியூஷூ பல்கலைக்கழகத்தினர் 1961 முதல் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். அதில் 40 வயதைக் கடந்த 2,604 பேரை 1988 தொடங்கி 14 ஆண்டுகள் கவனித்தபோது 97 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. தொடக்கத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. வயது, புகைபிடித்தல், உடல் எடை, எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமியின் தொற்று, இரைப்பைச் சுவர் நலிவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: நீண்ட கால அழற்சியிலிருந்து படிப்படியாக உருவாகும் ‘குடல் வகை’ புற்றுநோயில்தான் இது தெரிந்தது, இரைப்பைச் சுவருக்குள் பரவலாக ஊடுருவும் வகையில் தெரியவில்லை.

தென்கொரியாவில் தேசிய மருத்துவக் காப்பீட்டின் கீழ் 1992 முதல் 1995 வரை பரிசோதிக்கப்பட்ட ஏறக்குறைய 12 லட்சம் பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அங்கும் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்த ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் சற்றுக் குறைவு. அதே ஆண்களிடம் புராஸ்டேட், பெருங்குடல் புற்றுநோய்கள் சற்று அதிகம். ஆகவே ‘கொலஸ்ட்ரால் கூடினால் புற்றுநோய்’ என்றோ, ‘குறைந்தால் புற்றுநோய்’ என்றோ பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

காரணம் இல்லையென்றால் இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன?

பெரும்பகுதிக்கு விடை, எது முன்னால் எது பின்னால் என்பதில் இருக்கிறது. மோட்டார் போட்டு இறைப்பதால்தான் கிணற்று நீர்மட்டம் இறங்குகிறது; மட்டம் இறங்கியதால் மோட்டார் ஓடவில்லை. புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகும்போது ஒவ்வொரு புதிய செல்லுக்கும் சவ்வு கட்டக் கொலஸ்ட்ரால் தேவை. அதை இரத்தத்திலிருந்தே இழுத்துக்கொள்கின்றன. உடலில் அழற்சி இருக்கும்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் இரத்தக் கொழுப்பின் அளவைக் கீழே தள்ளுகின்றன. பசி குறைகிறது, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, எடை இறங்குகிறது. நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் இரத்தம் எடுத்தால் கொலஸ்ட்ரால் குறைவாக வரலாம்.

இதைச் சோதிக்க எளிய வழி, இரத்தம் எடுத்த முதல் சில ஆண்டுகளில் நோய் தெரியவந்தவர்களைக் கணக்கிலிருந்து விலக்கிப் பார்ப்பது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வில் அப்படிச் செய்தார்கள். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தக் கொலஸ்ட்ரால் குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. முதல் 9 ஆண்டுகளில் நோய் கண்டவர்களை நீக்கியதும் அந்த வித்தியாசம் போய்விட்டது.

நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பே கொலஸ்ட்ரால் இறங்குமா?

இறங்கலாம். இரைப்பையைப் பொறுத்தவரை ‘முன்பு’ என்பது மிக நீண்ட காலம். சிறுவயதில் எச். பைலோரி பாக்டீரியா தொற்றுகிறது. பிறகு நாள்பட்ட அழற்சி, சுரப்பிகள் நலிந்து சுவர் மெலிதல், இரைப்பைச் சுவர் குடல் சுவரைப் போல மாறுதல், செல்களின் அமைப்பு கெடுதல், கடைசியில் புற்றுநோய். இந்தப் பயணம் பெரும்பாலும் சில பத்தாண்டுகள் எடுக்கும். தொற்று உள்ளவர்களில் மிகச் சிலரே கடைசிப் படி வரை போகிறார்கள். ஆனால் இடைப்பட்ட காலம் முழுவதும் வயிறு நோயுற்ற வயிறுதான்.

இந்தக் கிருமிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் நேரடி உறவும் உண்டு. எச். பைலோரியால் கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்க முடியாது. இரைப்பையின் உட்சுவர்ச் செல்களின் சவ்விலிருந்து அதை உருவி எடுத்து, அதன்மேல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஒட்டித் தன் மேலுறையில் பதித்துக்கொள்கிறது. இப்படி மாற்றப்பட்ட கொலஸ்ட்ராலைப் போர்த்திக்கொண்ட கிருமியை நம் நோயெதிர்ப்புச் செல்கள் விழுங்குவது கடினமாகிறது. இது இரைப்பைச் சுவரில் நடப்பது. ரிப்போர்ட்டில் வரும் எண் இதனால் இறங்குகிறது என்று கொள்ள வேண்டாம்.

பிறவியிலேயே கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களுக்கு?

இந்தக் கேள்விதான் ஆராய்ச்சி முறையிலேயே ஒரு புது வழியைத் திறந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் கட்டான் 1986-ல் லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அவர் வாதம் இது: அபோ-ஈ என்ற மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே கொலஸ்ட்ரால் குறைவு. குறைந்த கொலஸ்ட்ரால்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்றால், புற்றுநோயாளிகளிடையே அந்த மரபணு வடிவம் அதிகமாக இருக்க வேண்டும். நோயால் மரபணு மாறப்போவதில்லை என்பதால் ‘எது முன், எது பின்’ என்ற குழப்பமே இங்கு எழாது. பரம்பரையைக் கொண்டு நோய்க் காரணங்களைச் சோதிக்கும் இன்றைய முறைக்கு அந்தக் கடிதமே முன்னோடி.

பிறகு வந்த மரபணு ஆய்வுகள், வாழ்நாள் முழுக்கக் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பது புற்றுநோயைக் கூட்டுகிறது என்று காட்டவில்லை. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழந்து, எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) வெறும் 14 மட்டுமே இருந்தும் நலமாக வாழ்ந்த பெண் ஒருவரைப் பற்றிய மருத்துவப் பதிவும் இருக்கிறது.

ஸ்டாட்டின் மாத்திரை கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதே, அதை நிறுத்திவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

27 மருந்து ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 1,75,000 பேரின் தரவுகளைத் தனித்தனி நபர்வாரியாகச் சேர்த்து 2012-ல் அலசினார்கள். ஏறத்தாழ 5 ஆண்டு ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே புற்றுநோய் வருவதிலோ, அதனால் இறப்பதிலோ வித்தியாசம் இல்லை. எல்.டி.எல். ஏற்கெனவே குறைவாக இருந்து, மாத்திரையால் இன்னும் குறைந்தவர்களிடமும் அதே முடிவுதான்.

பயத்துக்கு ஒரு வரலாறு இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 70 முதல் 82 வயது வரை உள்ள 5,804 பேரிடம் பிராவாஸ்டாட்டின் மருந்தைச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டபோது, மருந்து எடுத்தவர்களிடம் புதிய புற்றுநோய்கள் 25 சதவீதம் அதிகமாகத் தெரிந்தன. அந்தச் செய்திதான் இன்றும் சுற்றுகிறது. அதே நபர்களை மொத்தம் 8 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தபோது அப்படி எந்தக் கூடுதலும் இல்லை என்று தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தியை யாரும் பகிர்வதில்லை.

மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் ஸ்டாட்டினைத் திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்து கற்பனையல்ல.

அப்படியானால் ஸ்டாட்டின் இரைப்பைப் புற்றுநோயைத் தடுக்குமா?

தடுக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, எச். பைலோரியை ஒழித்த பிறகு ஸ்டாட்டின் எடுத்துவந்தவர்களிடம் நோய் குறைவு என்று ஹாங்காங் தரவுகள் காட்டின. ஆனால் இவை மருந்து எடுத்தவர்களைப் பின்னாலிருந்து பார்த்தவை. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர்கள் பொதுவாகவே டாக்டரிடம் அடிக்கடி போகிறவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். புற்றுநோயைத் தடுப்பதற்கென்று மட்டும் ஸ்டாட்டின் தொடங்க வேண்டாம்.

என் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 138. என்ன செய்வது?

முதலில் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, எங்கிருந்து எங்கே வந்தது என்பது முக்கியம். ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம்: மொத்தம் 138, எச்.டி.எல். (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) 34, டிரைகிளிசரைடு (இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) 110. பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, கணக்கிடுகிறார்கள்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 138 − 34 − 22 = 82. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

இதே நபருக்குப் பத்து வருடமாக 135, 142, 138 என்றே வந்துகொண்டிருந்தால் அது அவருடைய உடல்வாகு. சும்மா விட்டுவிடலாம். இரண்டு வருடம் முன்பு 196 ஆக இருந்து, ஸ்டாட்டினும் இல்லாமல், உணவும் மாறாமல், உடற்பயிற்சியும் கூடாமல் 138-க்கு வந்திருந்தால் காரணம் தேட வேண்டும். ஒரே நபரிடமே நாளுக்கு நாள் சில சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு. 196 ஒருநாள் 185 ஆகலாம், 138 ஆகாது.

தேடும்போது புற்றுநோயைப் பட்டியலின் தலையில் வைக்காதீர்கள். சமீபத்தில் காய்ச்சல், ஆபரேஷன், மாரடைப்பு ஏதாவது இருந்ததா? அவை எல்லாமே கொலஸ்ட்ராலைத் தற்காலிகமாக இறக்கும். குணமாகிச் சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தைராய்டு அதிகம் சுரப்பது, கல்லீரல் சுருக்கம், காசநோய் போன்ற நாள்பட்ட தொற்று, குடலில் சத்து உறிஞ்சப்படாமை, போதாத சாப்பாடு ஆகியவை வழக்கமான காரணங்கள். எனவே டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை, கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, ஆல்புமின் என்ற இரத்தப் புரதம், முழு இரத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் குறைந்து, சிவப்பணுக்களும் சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு என்று பொருள். ஆண்களுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ அப்படி வந்தால், எங்கோ இரத்தம் கசிகிறதா என்று இரைப்பையையும் பெருங்குடலையும் பார்ப்பது வழக்கம். இரும்புச் சத்து மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது இங்கே நடக்கும் பெரிய தவறு. மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், கசிவு அப்படியே இருக்கும்.

எச்.டி.எல். மட்டும் குறைவாக இருந்தால்?

ஆண்களுக்கு 40-க்குக் கீழும், பெண்களுக்கு 50-க்குக் கீழும் குறைவு. நாள்பட்ட அழற்சி, புகை, தொப்பை, சர்க்கரை நோய் எல்லாமே எச்.டி.எல்.லை இறக்கும். மேலே சொன்ன ஃபின்லாந்து ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ராலின் தொடர்பு மறைந்த பிறகும் எச்.டி.எல். அதிகம் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்ற தொடர்பு நின்றது. அது உடல்நலத்தின் ஒரு அடையாளம் என்றே நாங்கள் படிக்கிறோம். எச்.டி.எல்.லை மட்டும் மருந்தால் உயர்த்தி எந்தப் புற்றுநோயையும் தடுத்ததாக நிரூபணம் இல்லை. புகையை விடுவதும் நடப்பதும் எப்படியும் செய்ய வேண்டியவையே.

எனக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். இரைப்பைப் புற்றுநோய் பற்றிக் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை. ஆரம்ப நிலை இரைப்பைப் புற்றுநோயில் பசியும் எடையும் பெரும்பாலும் குறைவதில்லை, கொலஸ்ட்ராலும் வழக்கம் போலவே இருக்கும். 240 இருப்பவருக்கும் வரும். அந்த 240 உங்கள் இதயத்துக்குச் சொல்லும் செய்தி, வயிற்றுக்கு அல்ல.

ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். எச். பைலோரிக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சேர்த்துச் சாப்பிடலாமா?

டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய இடம் இது. எச். பைலோரிக்கான ஒரு வழக்கமான சிகிச்சை, 14 நாள், தினம் இருவேளை: இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை (‘அமில மாத்திரை’) ஒன்று, அமாக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம். சிம்வாஸ்டாட்டினையும் அடோர்வாஸ்டாட்டினையும் உடைக்கும் கல்லீரல் நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும். ஸ்டாட்டின் இரத்தத்தில் தேங்கித் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். தொடையிலும் தோளிலும் காரணமில்லாத வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், சிறுநீர் கோலா நிறத்தில் போவது ஆகியவை எச்சரிக்கைகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிம்வாஸ்டாட்டினையும் கிளாரித்ரோமைசினையும் சேர்க்கவே கூடாது. அந்த இரண்டு வாரம் ஸ்டாட்டினை டாக்டர் நிறுத்திவைப்பார். அடோர்வாஸ்டாட்டின் என்றால் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரோசுவாஸ்டாட்டின் அந்த நொதியை அதிகம் நம்பியிருப்பதில்லை. கிளாரித்ரோமைசின் இல்லாமல் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை என்ற நான்கு மருந்து முறையும் உண்டு. கிளாரித்ரோமைசினுக்குக் கிருமி பழகிப்போன இடங்களில் அதுவே மேல். சிகிச்சை முடிந்ததும் ஸ்டாட்டினைத் திரும்பத் தொடங்க மறப்பவர்கள் அதிகம். நிறுத்தும் நாளன்றே தொடங்கும் தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொலஸ்ட்ராலை ஏற்ற நெய், முட்டை சேர்த்துக்கொண்டால் பாதுகாப்பா?

எண்ணை மேலே ஏற்றுவதால் வயிற்றில் எதுவும் மாறாது. இரைப்பைக்காக உணவில் கவனிக்க வேண்டியது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். உப்பு இரைப்பையின் சளிப் படலத்தை அரித்து, எச். பைலோரி செய்யும் சேதத்தைக் கூட்டுகிறது. புகைத்த, பதப்படுத்திய இறைச்சியும், சிகரெட்டும், மதுவும் கூட அப்படியே.

இரைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. கொலஸ்ட்ராலைப் பார்த்துப் பத்தியம் இருக்க வேண்டுமா?

இந்த நேரத்தில் பெரும்பாலும் வேண்டாம். ஒரு கிலோ எடைக்குத் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. ‘கொலஸ்ட்ரால்’ என்று பயந்து மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, பாலையும் நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுத்து நோயாளியை மெலியவிடுவது கீமோவைத் தாங்கும் சக்தியையே குறைக்கும்.

இரைப்பையை நீக்கிய பிறகு எடையும் கொலஸ்ட்ராலும் பொதுவாக இறங்கும்: சாப்பிடும் அளவு குறைகிறது, கொழுப்பு செரிப்பதும் குறைகிறது. முன்பு தேவைப்பட்ட ஸ்டாட்டின் அளவு இப்போது அதிகமாகத் தோன்றலாம். சில மாதம் கழித்து லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனை எடுத்து டாக்டரே மாற்றட்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். இரைப்பை முழுவதும் எடுக்கப்பட்டவர்களுக்கு பி12 வைட்டமின் ஆயுள் முழுக்கத் தேவை, ஏனென்றால் அதை உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரந்தது. கல்லீரலின் கையிருப்பு சில வருடம் தாங்கும் என்பதால், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஊசியை விட்டுவிட்டு, பிறகு கால் மரத்துப்போய் வருவது நடக்கிறது.

லிப்பிட் பரிசோதனையால் இரைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா? வேறு எதைச் செய்வது?

முடியாது. சி.இ.ஏ. போன்ற, புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்க்கும் குறியீடுகளும் ஆரம்ப நிலையைப் பிடிக்க உதவாது. வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும், சந்தேகமான இடத்தில் எடுக்கும் சதைத் துணுக்குகளும்தான் வழி. புண் இருந்தால் ஒரே துணுக்கு போதாது, விளிம்பைச் சுற்றிலும் ஆறு முதல் எட்டு வரை எடுப்பார்கள்.

கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசே எண்டோஸ்கோபிக்கு அழைக்கிறது. ஜப்பானில் 50 வயதிலிருந்து. இந்தியாவில் அப்படி ஒரு திட்டம் இல்லை. ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் அதிகம் பதிவாகும் இந்திய நகரங்களில் சென்னையும் ஒன்று (மிசோரமின் ஐசால் அதைவிட வெகுவாக மேலே). ஆகவே அறிகுறியைக் கவனிப்பது நம் கையில்தான் இருக்கிறது. விழுங்கும்போது அடைப்பது, தொடர் வாந்தி, மலம் தார் போலக் கருப்பாகப் போவது, ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைவது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘கேஸ்’ என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடாதீர்கள். அமில மாத்திரை புற்றுப் புண்ணின் வலியையும் சில வாரம் அடக்கிவைக்கும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் எச். பைலோரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கொரியாவில் இப்படிப்பட்ட 1,676 பேரிடம், கிருமி இருப்பது உறுதியான பிறகு, பாதிப் பேருக்குச் சிகிச்சையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் தந்து 9 ஆண்டு தொடர்ந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. கொலஸ்ட்ரால் எண்ணை வைத்து யாரும் இப்படி ஒரு பலனைக் காட்டியதில்லை.

மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை கேளுங்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை, கிருமி போன பிறகும் நெடுநாள் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் போன்ற அமில மாத்திரைகளையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளையும் டாக்டரிடம் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்து, ஒழிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.